பயக்காரர் வழி

அண்ணனுக்குப் பயம் என்று ஒன்று இருப்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அண்ணி, இன்னொருத்தி தங்கை சின்னவள். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மனிதர் ஓட்டுவது கோபுரக் கிரேன். ஊர் கொட்டாவி விட்டுக்கொண்டு பல் தேய்க்கிற நேரத்தில் அவர் கம்பி ஏணியில் கைமாற்றிக் கைமாற்றி ஏறி, காக்கை கூட யோசித்து உட்காருகிற உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'மேல்வீட்டுக்காரர்'. காற்றடித்தால் கூண்டு ஆடும், அவர் ஆடமாட்டார்.

அதே மனிதரை லிஃப்டுக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். முகம் வெளுத்து, சட்டை முதுகோடு ஒட்டி, கை தானாகச் சுவரைத் தடவ ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் யாராவது அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்களா என்று கேட்கத் தோன்றும். இல்லை, அப்படி ஒரு கதையும் கிடையாது. சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்கு இப்படி.

"கிரேன் கூண்டும் சின்னதுதானே அண்ணா?" என்று சின்னவள் ஒருமுறை கேட்டாள்.

"அது வேற பாப்பா. அதோட கதவு என் கையில இருக்கு" என்றார் அண்ணன்.

சின்னவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் விழுந்து கிடந்தது. படித்த படிப்பில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை எவ்வளவு அகலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள், பார்வை இல்லாதவர்களுக்குத் தரையில் எப்படிக் கோடு போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கதவு தன் கையில் இல்லாததால் வாசலோடு திரும்பிப் போகிறவனைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அவன் கணக்கிலேயே கிடையாது. வராதவனை யார் எண்ணுவார்கள்?

அவளுடைய அலுவலகத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைத் திருத்திக் கட்டும் வேலை வந்தபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. பழைய கட்டடத்தில் மாடிக்குப் போக லிஃப்ட்தான். படிக்கட்டு என்று பேருக்கு ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு, தீப்பிடித்தால் மட்டும் திறக்கும். தீயே தேவலை என்று தோன்றும் அதைப் பார்த்தால்.

"பயப்படறவங்களுக்குன்னு ஒரு வழி போடலாம் சார்" என்றாள் நிர்வாகியிடம்.

நிர்வாகி நல்ல மனிதர், பேச்சுதான் கொஞ்சம் மெதுவாக வரும். "ஆஸ்பத்திரின்னா எல்லாருக்கும்தானம்மா பயம்" என்றார். பிறகு சரி என்றும் சொன்னார்.

சின்னவள் வேலையில் இறங்கினால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எதைக் கண்டு பயமோ வந்து சொல்லுங்கள் என்று அறிவிப்பு ஒட்டினாள். வந்தார்கள். மாடியிலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளி ஆசிரியை, கூட்டத்தில் நின்றால் மூச்சு முட்டுகிற தையல்காரர், லிஃப்ட் ஆகாத கல்லூரிப் பெண், புறா என்றால் அலறுகிற வங்கி அதிகாரி. ஆறடி உயர ஆள் அவர். 'புறா என்னை ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கும் தெரியும், அது தெரிஞ்சு என்ன பண்றது' என்று அவரே சொல்லிவிடுவார். அலுவலகத்துப் பையன்கள் இந்தக் கூட்டத்துக்குப் 'பயக்காரர் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். சங்கத்தாருக்கே அந்தப் பெயர் பிடித்துப்போனது.

காகிதத்தில் வரைந்ததை நம்பக்கூடாது என்பது சின்னவளின் கட்சி. காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் தரையில் பட்டை ஒட்டி, ஒட்டுப்பலகைகளைச் சுவராக நிறுத்தி, ஆஸ்பத்திரியின் வாசல், கூடம், படிக்கட்டு எல்லாவற்றையும் நிஜ அளவில் நிற்கவைத்தாள். சங்கத்தாரை அதற்குள் நடக்கவிட்டாள். எங்கே கால் தயங்குகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.

முதலில் படிக்கட்டின் இரண்டு பக்கமும் முழுக்கக் கண்ணாடி வைத்திருந்தாள். கல்லூரிப் பெண் சிரித்துக்கொண்டே ஏறினாள். ஆசிரியை மூன்றாவது படியில் உட்கார்ந்து பலகையைக் கட்டிக்கொண்டார். ஒருத்தியின் மருந்து இன்னொருத்திக்கு விஷம். சரி என்று மார்பு உயரம் வரை சுவர், அதற்கு மேல் ஜன்னல் என்று மாற்றினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் வந்த வழியும் தெரியவேண்டும், போகிற வழியும் தெரியவேண்டும். காத்திருக்கும் அறைக்கு இரண்டு வாசல், நாற்காலிகள் வாசலைப் பார்த்து. கதவு என்றால் நடுவில் கண்ணாடி, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கவேண்டும். ஜன்னல் விளிம்புகளைப் புறா உட்காரமுடியாதபடி சரித்துவிட்டாள். வங்கி அதிகாரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கியதில் கை இரண்டு நாள் வலித்தது. பெருக்கல் குறியே விழாமல் எல்லோரும் நடந்து முடித்த அன்று அவள் பையன்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள்.

கடைசியாக ஒரு பலகை. இதற்கு மட்டும் நிர்வாகி முகத்தைச் சுளித்தார்.

"வழி இருந்தா போதாதா? போர்டு எதுக்கும்மா?"

"தெரியாத வழி வழியே இல்ல சார். சரிவுப் பாதைக்கு நாற்காலி படம் போடறோம் இல்லையா? இவங்களுக்கும் மரியாதையா ஒரு போர்டு வேணும். வெக்கப்பட இதுல என்ன இருக்கு?"

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். கண் தெளிவில்லாதவர்களும் படிக்கவேண்டுமே என்று சின்னவளே எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள், நல்ல தடித்த எழுத்து. மஞ்சள் பலகையில் 'பயம் உள்ளவர்களுக்கான வழி' என்று எழுதி மாட்டியபோது சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தே படிக்கமுடிந்தது. பக்கத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண், வருகிறவர்களுக்குத் துணையாக.

ஆஸ்பத்திரி திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் அண்ணனின் கண்ணில் வினை வந்து உட்கார்ந்தது. கிரேனின் தொங்குகம்பி நேராக இல்லாமல் நடுவில் நெளிந்து தெரிந்தது. கம்பி நெளிந்திருக்கிறது என்று ஆட்களைத் திட்டிப் பார்த்தார். கம்பி நேராகத்தான் இருந்தது. தெருமுனை டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது, விழித்திரை வீங்கியிருக்கிறது, சீக்கிரம் கண்ணில் ஊசி போடவேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். வலது கண் மோசம், இடது கண் பரவாயில்லை.

ஊசி போடுகிற இடம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிதான், நாலாம் மாடி.

"கவலையே படாத அண்ணா. லிஃப்டே வேணாம். படியிலயே போயிடலாம். உனக்குன்னே கட்டின மாதிரி இருக்கும்" என்றாள் சின்னவள். 'மாதிரி' என்ன மாதிரி, அவருக்காகவே கட்டியதுதான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திறந்த முதல் நாளே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நிர்வாகி அவளைக் கூப்பிட்டு யாரோ பெரிய மனிதரிடம் அறிமுகப்படுத்தினார். இரண்டு வார்த்தை பேசித் திரும்புவதற்குள் அண்ணனைக் காணவில்லை. கூடத்தில் தேடினாள், படியில் ஓடி நாலாம் மாடி வரை தேடினாள். போன் போட்டால் அவர் பஸ்ஸில் இருந்தார்.

"சைட்ல அவசரமா கூப்பிட்டாங்க பாப்பா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. ஒரு வாரம் கான்கிரீட் போடுகிறோம் என்றார், அடுத்த வாரம் காய்ச்சல் என்றார், அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அண்ணன் அவ்வளவு கெட்டிக்காரர் அல்ல. எங்கோ வழி அவரை மிரட்டியிருக்கிறது என்று சின்னவளுக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை.

சாயங்காலமெல்லாம் போய் அளந்தாள். முதல் திருப்பத்தில் வெளிச்சம் போதவில்லையோ? விளக்கை மாற்றினாள். கதவு கனமோ? கீலை மாற்றினாள். அண்ணன் உயரம் ஆயிற்றே, தலைக்கு மேல் கூரை தாழ்ந்து தெரியுமோ என்று கூரைக்கு வெள்ளையடித்தாள். சங்கத்தாரை மறுபடி கூப்பிட்டு நடக்கவிட்டாள். அவர்கள் காற்றாடப் போகிறவர்கள் மாதிரி ஏறி இறங்கி, பிரமாதம் என்றார்கள். ஆனால் மஞ்சள் மேலங்கிப் பெண் வேறு ஒன்று சொன்னாள். "மேடம், நாள் பூரா நிக்கறேன். நாலு பேர் கூட இந்தப் பக்கம் வரதில்ல." புது வழிதானே, பழகப் பழக வருவார்கள் என்றாள் சின்னவள்.

இதற்குள் வேலையிடத்தில் அது நடந்தது. கம்பிக் கட்டு ஒன்றை அண்ணன் இறக்கும்போது வைக்கவேண்டிய இடத்தை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார். கீழே யாரும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பேசாமல் ஏணியில் இறங்கி வந்தார். மேஸ்திரியிடம் போய், "எனக்குக் கண்ணு சரியில்ல. என்னை மேல ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். கண்ணைப் பற்றிச் சொல்லமுடிந்தது அவருக்கு.

சின்னவள் அரக்கப் பரக்க வந்து சேர்ந்தபோது அண்ணன் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், கதவு வழக்கம்போல் விரியத் திறந்திருந்தது. அண்ணி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணி அதிகம் பேசமாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இன்னும் எதை அளந்துக்கிட்டு இருக்க நீ?"

"எங்க தப்புன்னு தெரியலையே அண்ணி. படியா, ஜன்னலா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரே."

"அவர் உன் படியப் பாத்தாதானே சொல்றதுக்கு? வாசலத் தாண்டவே இல்ல."

சின்னவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். கண்ணே போகுது, சத்தியம் என்ன வேண்டிக்கிடக்கு, சொல்றேன் கேளு. அன்னிக்கு அந்த போர்டுக்குக் கீழ நின்னிருக்கார். மஞ்சச் சட்டைப் பொண்ணு சிரிச்சுக்கிட்டு வந்து, 'உங்களுக்கு என்ன பயம் சார்'னு கேட்டிருக்கா. பின்னாடி யாரு? அவர் சைட்ல கம்பி கட்டுற ஆளு, பொண்டாட்டிய மூக்குக் கண்ணாடிக்குக் கூட்டிக்கிட்டு வந்தவன். 'என்ன மேல்வீட்டுக்காரரே, உங்களுக்குப் பயமா?'ன்னு அவன் வாயப் பொளந்திருக்கான். இவர், 'என் தங்கச்சி கட்டினது, பாக்க வந்தேன்'னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டார்."

"போர்டா அண்ணி?"

"போர்டுதான். நீ ஆசையா எழுதினதாம், அதனால உன் மனசு நோகும்னு எங்கிட்ட மட்டும் சொன்னார்."

கிடங்கில் நடந்த சங்கத்தார் ஒவ்வொருவராகச் சின்னவளின் நினைவுக்கு வந்தார்கள். அத்தனை பேரும் அறிவிப்பைப் பார்த்து, எனக்கு இது பயம் என்று வாயால் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். சொல்லமுடிந்தவர்களை வைத்தே அவள் எல்லாவற்றையும் சோதித்திருக்கிறாள். சொல்லமுடியாதவன் முதல் நாளே அறிவிப்பைப் பார்த்துவிட்டு மறுபக்கம் நடந்திருப்பான். அவனுக்காகத்தான் இந்த வேலையை ஆரம்பித்தாள், அவன் தலைக்கு மேலேயே பெயர் எழுதி மாட்டிவிட்டாள். கட்டடம் படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஏணி போட்டு, திருப்புளியால் பலகையை அவளே கழற்றினாள். நிர்வாகி கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தெரியாத வழி வழியே இல்லன்னு சொன்னீங்களேம்மா?"

"வாயக் குடுத்தது நான்தான் சார். வழி தெரியணும். யாருக்குன்னு தெரியக்கூடாது."

பலகை இருந்த இடத்தில் இரண்டு அம்புக்குறிகள் போதும் என்றாள். கண் பிரிவுக்குப் படி இந்தப் பக்கம், லிஃப்ட் அந்தப் பக்கம், இரண்டும் ஒரே அளவு எழுத்தில். மஞ்சள் மேலங்கிப் பெண்ணை, மேலங்கியைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக வழி சொல்லும் மேசையில் உட்காரவைத்தார்கள். அன்று மத்தியானமே படியில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. அவசரக்காரர்கள், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், உடம்பு இளைக்கவேண்டியவர்கள், அவர்களோடு, ஏன் ஏறுகிறோம் என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லாத சிலர்.

சாயங்காலம் அண்ணன் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போர்டக் கழட்டிட்டேன் அண்ணா."

அவர் உள்ளே அண்ணி இருந்த பக்கம் ஒரு முறை முறைத்தார். பிறகு, "எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"நாளைக்கு வரியா?"

"ம்."

அடுத்த நாள் அவர்கள் படியில் ஏறியபோது அவர்களுக்கு முன்னால் ஒரு குடும்பம், பின்னால் போனில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு வக்கீல். அண்ணன் திருப்பத்துக்குத் திருப்பம் ஜன்னலைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார், ஏறினார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் மாடியில் நின்று, "காத்து நல்லா வருதே" என்றார். சின்னவளுக்கு விருது கொடுத்திருந்தால் கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்காது.

அந்த சந்தோஷம் நாலாம் மாடி வரைக்கும்தான். கண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"இடது கண்ணக் காப்பாத்திடலாம். இன்னிக்கே ஊசி போட்டுடுவோம். வலது கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சு, அது திரும்ப வராது. ஆரம்பத்துலயே வந்திருந்தா இதையும் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். ஏன் இவ்ளோ லேட்டு?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சும்மா சொல்வார்கள். அதன் கனம் அன்றைக்குத்தான் சின்னவளுக்குத் தெரிந்தது. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"வேல ஜாஸ்தி டாக்டர்" என்றார் அண்ணன், அவளை முந்திக்கொண்டு.

ஊசி போடும் அறைக்குத் துணையாள் வாசல் வரை வரலாம். சின்னவள் வாசலில் நின்றாள். அவள் வரைந்த அறைதான். பெரிய ஜன்னல், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு, படுத்திருப்பவருக்கு வாசல் தெரிகிற மாதிரி கட்டில். அண்ணன் படுத்தார், வாசலைப் பார்த்தார், மூச்சு சீராகத்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் முறைக்காக ஐந்தாறு பேர் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸம்மா ஒரு பச்சைத் துணியை விரித்தார். தலை முதல் மார்பு வரை மூடுகிற துணி, நடுவில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படியை அளந்தாள், கதவை அளந்தாள், புறா உட்காரும் விளிம்பைக் கூட அளந்தாள். முகத்தின் மேல் விழப்போகிற இந்தத் துணியை அவள் கனவிலும் நினைக்கவில்லை. இது எந்த வரைபடத்திலும் இல்லை. அண்ணனின் கை கட்டிலின் இரும்பைத் தேடிப் பிடித்ததை அவள் பார்த்தாள். இனி அவர் எழுந்து நடந்துவிடுவார், இடது கண்ணும் போகும். ஓடிப்போய் நர்ஸிடம் சொல்லலாம் என்று ஒரு கால் எடுத்துவைத்தாள். அவருக்காக அவள் சொன்னால் அதுவும் இன்னொரு பலகைதான் என்று தோன்றியது. அப்படியே நின்றாள்.

துணி நெற்றிக்கு வந்தது.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் அண்ணன். குரல் பிசிறடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் வந்தது. "எனக்கு... மூடினா பயம். மூச்சு நின்னுடற மாதிரி இருக்கும். சின்னதுலேந்து அப்படித்தான்."

நர்ஸம்மா துணியை மேலே தூக்கிப்பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அவ்வளவுதானே? அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

துணியை நெற்றியிலிருந்து கன்னம் வரை மட்டும் வருகிற மாதிரி மடித்து, மூக்கையும் வாயையும் வெளியே விட்டு, ஓரங்களை ஒட்டினார். வாரத்தில் பத்துப் பேருக்காவது இப்படி மடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மருந்தை எடுத்தார். "இப்ப சரியா?"

"சரிம்மா" என்றார் அண்ணன். இரும்பைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டது.

சின்னவள் வாசலில் நின்று, பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று கூட நினைக்காமல், அழுதாள்.